கவுன்சிலில் யூனியன் பிரதிநிதிகளின் சம்பள நேரத்தை வெட்டுகிறார்கள், சட்டத்தில் என்ன இருக்கிறது?

நூலகப்பணி

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் நூலகத்தில் வேலை செய்கிறேன், எங்கள் கிளையில் யூனியன் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். இந்த வருட பட்ஜெட் வெட்டில் யூனியன் வேலைக்கு விடும் நேரத்திலும் கை வைத்துவிட்டார்கள். இதுவரை கிளைச் செயலாளரும் இன்னொருவரும் முழுநேரமும் யூனியன் வேலை பார்த்தார்கள், சம்பளம் கவுன்சில் கொடுத்தது. இனி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு இடம்தானாம். எங்களைப் போன்ற மற்றப் பிரதிநிதிகள் ஒவ்வொரு முறையும் மேலாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும், சேவைக்குப் பாதிப்பில்லை என்று அவர் நினைத்தால் மட்டும் போகலாம். நூலகத்தில் ஏற்கெனவே ஆள் இல்லை, அப்படியிருக்க பாதிப்பில்லாத நாள் எங்கே வரும்?

இதே பட்ஜெட்டில்தான் நூலகம் திறக்கும் நேரத்தைக் குறைப்பதும், பகல்நேரப் பராமரிப்பு மையங்களை மூடுவதும், ஆட்குறைப்பும் இருக்கின்றன. அதாவது எங்களிடம் உதவி கேட்டு வருபவர்கள் கூடுகிற நேரத்தில் அவர்களைக் கவனிக்கும் நேரம் குறைகிறது. போன வாரம் ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்குப் போன ஒரு பெண்ணின் கோப்பை நான் இரவு வீட்டில் உட்கார்ந்துதான் படித்தேன். அவருடைய வேலையே போகக்கூடிய விஷயம், அரைகுறையாகப் படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார மனம் வரவில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: கவுன்சில் தன் இஷ்டத்துக்கு இப்படிக் குறைக்கலாமா? குறைந்தது இவ்வளவு மணி நேரம் என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? "யூனியன்காரருக்கு எதற்குக் கவுன்சில் காசு?" என்று சக ஊழியர்களே கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?

பழைய கிளைச் செயலாளர்

தங்கச்சி, முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முழுநேரமாக ஆளை விடுவது உங்கள் கவுன்சிலும் யூனியன்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வருவது. அது சட்டத்தில் எங்கும் இல்லை. ஒப்பந்தத்தைத் திருத்தப் பேச்சு நடத்த அவர்களுக்கு வழி இருக்கிறது, எத்தனை மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே இன்றைக்கே அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். பல கிளைகளில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஆனால் ஒப்பந்தத்துக்கு அடியில் சட்டம் இருக்கிறது, அதை எந்த பட்ஜெட்டும் தொட முடியாது. 1992ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், பிரிவு 168. அங்கீகரிக்கப்பட்ட யூனியனின் பிரதிநிதிக்குப் பேச்சுவார்த்தை, ஆட்குறைப்பு பற்றிய கலந்தாலோசனை, வேலையை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது பற்றிய கலந்தாலோசனை, இவற்றுக்கான பயிற்சி ஆகியவற்றுக்கு நியாயமான அளவு நேரம் சம்பளத்தோடு கொடுத்தே ஆக வேண்டும். 168ஏ கற்றல் பிரதிநிதிகளுக்கு, அதாவது ஊழியர்களின் படிப்பு, பயிற்சி விஷயங்களைக் கவனிக்கும் யூனியன் பிரதிநிதிகளுக்கு. பிரிவு 170 வேறு: கிளைக் கூட்டத்துக்குப் போவது, யூனியன் தேர்தலில் வாக்களிப்பது போன்றவை அதில் வரும், நேரம் உண்டு, சம்பளம் கொடுக்கும் கட்டாயம் இல்லை. மேலாளர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புவார்கள், விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று எழுதிவிடுங்கள்.

மணிக்கணக்கு சட்டத்தில் கிடையாது. எது நியாயம் என்பதற்கு ஏகாஸ் (வேலைத் தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் பொது அமைப்பு) வெளியிட்ட 3ஆவது நடைமுறைக் கோவையைத்தான் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் பார்க்கும். பொதுமக்களுக்கான சேவை தடைபடாமல் இருப்பதும் ஒரு காரணி என்று அதில் இருப்பது உண்மைதான், மேலாளர்கள் அந்த ஒரு வரியை மட்டும் காட்டுவார்கள். பிரதிநிதி வெளியே போகும்போது பதிலாள் போடுவதையோ வேலைப் பளுவைக் குறைப்பதையோ நிர்வாகம் யோசிக்க வேண்டும் என்றும் அதே கோவையில் இருக்கிறது. "ஆள் இல்லை, போகக் கூடாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருந்தால் அதை நியாயமான முடிவு என்று நிறுவுவது கஷ்டம்.

பாதுகாப்புப் பிரதிநிதிகளின் நிலை இன்னும் வலுவானது. 1977ஆம் ஆண்டு விதிமுறைப்படி அவர்கள் கடமைக்குத் தேவைப்படும் நேரத்தைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணியிடத்தைச் சோதிக்கும் உரிமையும் உண்டு. உங்கள் கிளையில் இந்தப் பதவிகள் காலியாக இருந்தால் ஆளைப் போடுங்கள். காலியாகவே விட்டுவைத்த கிளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

ஆட்குறைப்பு வருகிறது என்கிறீர்களே, அங்கேதான் உங்கள் வாதம் வலுக்கிறது. அதே 1992 சட்டம், பிரிவு 188: 90 நாளுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் நீக்குவதாக இருந்தால் யூனியனோடு கலந்தாலோசிக்க வேண்டும், முதல் நீக்கத்துக்கு 30 நாள் முன்பே தொடங்க வேண்டும். 100 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள். அந்தக் கலந்தாலோசனையைச் செய்ய வேண்டிய பிரதிநிதிகளுக்கே நேரம் இல்லை என்றால் அது பெயருக்கு நடந்த ஆலோசனை ஆகிவிடும், வழக்கு வந்தால் கவுன்சில்தான் பதில் சொல்ல வேண்டும். இதை எச்.ஆருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

இது இன்று வந்த சண்டையும் இல்லை. 2010க்குப் பிறகு எரிக் பிக்கிள்ஸ் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தபோதே கவுன்சில்களை இதில் நெருக்கினார்கள். 2014 வெளிப்படைத்தன்மைக் கோவை யூனியன் நேரத்துக்கான செலவைக் கவுன்சில்கள் வெளியிட வேண்டும் என்றது. 2016 தொழிற்சங்கச் சட்டம் அதை 49 பேருக்கு மேல் வேலை செய்யும் பொதுத்துறை அமைப்புகளுக்கு விரித்தது, தேவைப்பட்டால் அந்த நேரத்துக்கு உச்சவரம்பு போடும் அதிகாரத்தையும் அமைச்சர்களுக்குக் கொடுத்தது. வேல்ஸ் 2017லேயே தன் சொந்தச் சட்டத்தால் அதிலிருந்து விலகிக்கொண்டது. 2025 டிசம்பரில் அரச ஒப்புதல் பெற்ற வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் 2016 சட்டத்தின் பெரும்பகுதியை நீக்குவதற்காகக் கொண்டுவரப்பட்டது, சமத்துவப் பிரதிநிதிகளுக்கும் சம்பள நேரம் என்பது அதில் வருகிறது. நாட்டின் சட்டம் ஒரு பக்கம் திரும்புகிறது, உங்கள் கவுன்சில் அதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. பேச்சுவார்த்தையில் இதைச் சொல்லுங்கள்.

நிதிப்பிரிவு ஊழியர்

நானும் இன்னொரு கவுன்சிலில்தான் இருக்கிறேன், யூனியன் உறுப்பினரும்கூட. ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் யாராவது நேராகச் சொல்ல வேண்டும். கவுன்சில் சட்டப்படி ஒவ்வொரு வருடமும் வரவுக்குள் செலவை அடக்க வேண்டும், மத்திய அரசு மாதிரி அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க முடியாது. முதியோர் பராமரிப்பு, சிறப்புத் தேவைக் குழந்தைகள், வீடில்லாதவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம், இவற்றின் செலவு ஏறிக்கொண்டே போகிறது. பர்மிங்காமும் நாட்டிங்காமும் 2023இல் பிரிவு 114 அறிவிப்பு, அதாவது வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்ற அறிவிப்பு, கொடுக்கும் நிலைக்கு வந்தன. பராமரிப்பு மையத்தை மூடும்போது யூனியன் பதவிகளை மட்டும் தொடாதே என்றால் வரி கட்டுகிற மக்கள் கேட்கத்தானே செய்வார்கள்? உறுப்பினர்கள் மாதாமாதம் சந்தா கட்டுகிறோம், அதிலிருந்து யூனியன் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கட்டுமே. நான் பகையாகக் கேட்கவில்லை, எங்கள் அலுவலகத்தில் நிறையப் பேர் மனதில் இருக்கிற கேள்வி இது.

பராமரிப்புப் பிரிவு, பாதுகாப்புப் பிரதிநிதி

நிதிப்பிரிவு நண்பருக்கு: சந்தாவில் வட்டார அமைப்பாளர்கள், வழக்கறிஞர்கள், பயிற்சி எல்லாம் ஏற்கெனவே வருகின்றன. கவுன்சில் காசில் நடப்பது வேறு. ஒழுங்கு விசாரணையிலோ முறைப்பாட்டு விசாரணையிலோ துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும் உரிமை 1999 சட்டத்திலிருந்து ஒவ்வொரு ஊழியருக்கும் இருக்கிறது. அந்தத் துணைக்கு நேரம் இல்லை என்றால் விசாரணை தள்ளிப்போகும், இடைநீக்கத்தில் வீட்டில் இருப்பவருக்கு அத்தனை வாரமும் கவுன்சில்தான் சம்பளம் கொடுக்கும், அவர் இடத்துக்கு ஏஜென்சி ஆளுக்கும் கொடுக்கும். நிதிப்பிரிவில் இருப்பவருக்கு நான் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் யூனியன் நேரம் பட்ஜெட்டில் ஒரு செலவாகத் தெரிகிறது, இந்தத் தாமதச் செலவு பத்துத் துறைகளில் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பர்மிங்காம் பெயரை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். அந்தக் கவுன்சில் 2023இல் சொன்ன சம ஊதியப் பாக்கி 65 கோடியிலிருந்து 76 கோடி பவுண்டு வரை. பெண்கள் அதிகம் செய்யும் வேலைகளுக்கும் ஆண்கள் அதிகம் செய்யும் வேலைகளுக்கும் இடையில் சம்பளம் சரியில்லாமல் வருடக்கணக்கில் விட்டதால் வந்தது. வேலைத் தரமதிப்பீட்டை ஒவ்வொரு வேலையாக உட்கார்ந்து பார்ப்பது, சமையலறையில் இருப்பவர் என்ன செய்கிறார், குப்பை வண்டியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று எழுதி எடுப்பது, இதெல்லாம் கிளைப் பிரதிநிதிகள் கூட இருந்து செய்யும் வேலை. அதற்கு நேரம் வேண்டும், சும்மா வராது.

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தூக்கி நகர்த்தும் வேலையில் முதுகு போன பெண்கள் எத்தனையோ பேர். தூக்கும் கருவி பழுதாகிக் கிடப்பதை முதலில் எழுதிக் கொடுப்பது பாதுகாப்புப் பிரதிநிதிதான், ஏனென்றால் தற்காலிக ஊழியர்கள் மேலாளரிடம் நேராகச் சொல்லப் பயப்படுகிறார்கள். என்னிடம் சொல்வார்கள். அதற்காகவாவது நான் அந்த இடத்துக்குப் போக முடிய வேண்டும்.

நூலகப்பணி அக்கா, வீட்டில் இரவில் செய்கிற வேலையையும் எழுதிவையுங்கள்: தேதி, என்ன வேலை, எவ்வளவு நேரம், மேலாளர் மறுத்தாரா. உறுப்பினர் பெயர் வேண்டாம். நீங்கள் சொந்த நேரத்தில் சத்தமில்லாமல் செய்துகொண்டே போனால், "குறைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று அடுத்த வருடம் மிச்சத்தையும் எடுப்பார்கள்.

நூலகப்பணி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, அதில் ஆறு மாத முன்னறிவிப்பு என்று இருக்கிறது, அவர்கள் அதைக் கொடுக்கவே இல்லை. நிதிப்பிரிவு நண்பர் கேட்டதும் நல்லதுதான், அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தேவைப்பட்டது.

இன்னொன்று மட்டும். எங்கள் பிரதிநிதிகளில் பாதிப் பேர் பெண்கள், பகுதிநேரம். நான் காலையில் மட்டும் வேலை. யூனியன் பயிற்சி முழுநாள் நடக்கும். உன் வேலை நேரத்துக்கு மட்டும்தான் சம்பளம், மதியம் உன் பாடு என்கிறார் மேலாளர். அது சரியா?

பழைய கிளைச் செயலாளர்

இதில் இரண்டு தீர்ப்புகளைப் பார்க்க வேண்டும், இரண்டுமே கவுன்சில் வழக்குகள். 1992இல் ஹல் நகரக் கவுன்சில் வழக்கில், பிற்பகல் ஷிப்டில் வேலை செய்தவர் பகலில் பயிற்சிக்குப் போனார், அவருடைய ஷிப்டோடு சேர்ந்துவந்த நேரத்துக்குத்தான் சம்பளம் என்றார்கள். மேலாளர் இதை மனதில் வைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் 1999இல் நீத் போர்ட் டால்பாட் கவுன்சில் வழக்கில், பகுதிநேரப் பெண் பிரதிநிதி முழுநேரப் பயிற்சிக்குப் போனபோது, முழுநேர ஊழியருக்குக் கிடைப்பதைப் போல அவருக்கும் சம்பளம் கிடைக்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது, காரணம் பாலினப் பாகுபாடு. உங்கள் நிலை இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கிறது. வட்டார அமைப்பாளரிடம் அந்த வழக்கின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், புது ஒப்பந்தம் பேசும்போது இதை ஒரு வரியாகவே எழுதி வாங்குங்கள்.

தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் மறுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிவதற்கு ஒரு நாள் முன்னால் ஏகாஸிடம் சமரசத்துக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கெடுவை ஆறு மாதமாக்க 2025 சட்டத்தில் வழி இருக்கிறது, அதை நம்பிக் காத்திருக்காமல் மூன்று மாதம் என்றே கணக்கு வையுங்கள். முன்னறிவிப்பு கொடுக்காத விஷயத்துக்கு இந்த வாரமே கூட்டு முறைப்பாடு போடுங்கள், ஜிஎம்பி, யுனைட் போன்ற மற்ற யூனியன்கள் உங்கள் கவுன்சிலில் இருந்தால் அவர்கள் கையெழுத்தையும் சேர்த்து.