அவுட்லுக் கேட்கும் அனுமதி: உங்கள் அனுபவம் என்ன?

கணக்குப் பிரிவு:
மாதக் கடைசியில் எல்லோருக்கும் சம்பளச் சீட்டு மெயிலில் போக வேண்டும். எக்செல் மேக்ரோ ஒன்று (எக்செலுக்குள் எழுதிய குட்டி நிரல்) பிடிஎஃப் போட்டு, மைக்ரோசாப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக் வழியாக அனுப்பும். அவுட்லுக் 2003 இருந்தவரை அது அரைகுறை ஆட்டோமேஷன்தான். ஒவ்வொரு மெயிலுக்கும் ‘ஒரு புரோகிராம் உங்கள் சார்பில் மெயில் அனுப்பப் பார்க்கிறது, விடலாமா?’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ‘யெஸ்’ பட்டனை உடனே அமுக்கவும் முடியாது. அது உயிர் பெற ஐந்து விநாடி ஆகும். முகவரிகளைப் படிக்க மட்டும் பத்து நிமிடம் வரை மொத்தமாக அனுமதி தரலாம். அனுப்புவதற்கு அந்தச் சலுகை கிடையாது. டீ குடிக்கக்கூட எழுந்து போக முடியாது. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

பழைய மேக்ரோக்காரன்:
அந்த ஐந்து விநாடி வேண்டுமென்றே வைத்தது. 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் வந்தபோது, இணைப்பைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவுட்லுக் வழியாகவே அது தன்னை அனுப்பிக்கொண்டது. அது செய்ததும் நம் மேக்ரோ செய்வதும் அவுட்லுக்குக்கு ஒன்றுதான். அடுத்த மாதமே மைக்ரோசாப்ட் இந்தக் காவலை அவுட்லுக் 98, 2000 இரண்டுக்கும் அப்டேட்டாகக் கொடுத்தது. 2002 முதல் உள்ளேயே வந்துவிட்டது.

எங்கள் பக்கம் பலர் செய்த வேலை: மேக்ரோவில் சென்ட் (அனுப்பு) என்று எழுதாமல் டிஸ்ப்ளே (காட்டு) என்று எழுதி, மெயில் திரையில் திறந்ததும், விசைகளைத் தானே அடிக்கும் சென்ட்கீஸ் கட்டளையை வைத்து, அனுப்புவதற்கான ஆல்ட்-எஸ் அடிப்பது. கேள்வி வராது. ஆனால் அந்த நொடியில் வேறு விண்டோ முன்னால் வந்தால் ஆல்ட்-எஸ் அங்கே போய் விழும், மெயில் அப்படியே நிற்கும். கிளிக்யெஸ் என்று ஒரு குட்டி மென்பொருளும் இருந்தது; அதுவே ‘யெஸ்’ அமுக்கிவிடும். உண்மையான வைரஸ் வந்தாலும் அமுக்கும் என்பதால் நான் அதன் பக்கமே போகவில்லை. ரிடெம்ப்ஷன் என்ற லைப்ரரி (மேக்ரோவில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) பரவாயில்லை, அது அவுட்லுக்கின் காவல் இல்லாத எக்ஸ்டெண்டட் மேப்பி என்ற உள்வழியாகப் போகிறது.

சர்வர் அறை:
2007க்கு அப்புறம் கதை மாறிவிட்டதே! ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டு, அப்டேட்டாகவும் இருந்தால் அவுட்லுக் வாயே திறக்காது. திடீரென்று கேட்க ஆரம்பித்தால் மேக்ரோவைக் குடையாதீர்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர் போய் ‘புரோகிராமேட்டிக் ஆக்ஸஸ்’ பக்கத்தின் அடியில் ஆன்டிவைரஸ் நிலை என்ன என்று பாருங்கள். ‘இன்வேலிட்’ (செல்லாது) என்று இருந்தால் அதுதான் காரணம்.

எங்களுக்கு வம்பு ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் (பலர் தங்கள் கணினியிலிருந்து நுழைந்து வேலை செய்யும் பொதுக் கணினி) வந்தது. விண்டோஸ் சர்வரில் ஆன்டிவைரஸ் நிலையைச் சொல்லும் செக்யூரிட்டி சென்டர் இல்லை. நல்ல ஆன்டிவைரஸ் போட்டிருந்தும் அவுட்லுக் நம்பாது. அதே பக்கத்தில் ‘ஒருபோதும் எச்சரிக்காதே’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று போனால் அங்கிருந்த மூன்று விருப்பங்களும் மங்கிக் கிடந்தன. அவுட்லுக்கை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் மாற்ற முடியும். எல்லோருக்கும் அதைத் திறந்துவிட எனக்கு மனசில்லை. அனுப்பும் வேலையைச் சாதாரண விண்டோஸ் கணினி ஒன்றுக்கு மாற்றினோம், சத்தம் நின்றது.

கடைக்கணக்கு:
நான் அவுட்லுக்கையே விட்டுவிட்டேன். விண்டோஸிலேயே இருக்கும் சிடிஓ என்ற மெயில் அனுப்பும் கருவியை வைத்து, எக்செலிலிருந்து நேரே ஜிமெயில் எஸ்எம்டிபிக்கு (மெயிலை வாங்கி அனுப்பும் சர்வர்). போர்ட் (சர்வரின் இணைப்பு எண்) 465 போடுங்கள், 587இல் சிடிஓ தடுமாறும். 2022 மே 30க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டு செல்லாது; இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். அதை எக்செல் ஷீட்டில் எழுதி வைக்காதீர்கள், ஃபைலை வாங்குபவர் கையில் உங்கள் மெயிலும் போய்விடும்.

கணக்குப் பிரிவு:
நன்றி. இன்னொன்று: எங்கள் ஐடி ஆள் ‘புதிய அவுட்லுக்’குக்கு மாறச் சொல்கிறார். அதில் இந்தக் கேள்வி வருமா?

சர்வர் அறை:
வராது. மேக்ரோவும் ஓடாது, அதில் விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி), காம் (வேறு புரோகிராம் அவுட்லுக்கை இயக்கும் வழி) இரண்டும் இல்லை. சம்பளத் தேதி வரை பழையதிலேயே இருங்கள்.