முதுகு ஆபரேஷன் செய்யாமலே தண்டுவட ஸ்டிமுலேட்டர் வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரையால் வந்த நரம்பு வலி, ஆறு வருஷமாக. இரண்டு பாதமும் தணலில் வைத்த மாதிரி எரிகிறது என்பார். ராத்திரியில் போர்வை பட்டாலே துடித்துப்போகிறார். கபாபென்டின், பிரிகாபலின், டுலோக்செடின் என்று நரம்பு வலி மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது. தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும்தான் மிச்சம்.

இப்போது வலி சிகிச்சை டாக்டர் ஸ்டிமுலேட்டர் வைக்கலாம் என்கிறார்; தண்டுவடத்துக்குப் பக்கத்தில் லேசான மின்துடிப்பு கொடுத்து வலியைக் குறைக்கும் கருவி அது. முதுகில் ஆபரேஷன் செய்தும் வலி தீராதவர்களுக்குத்தான் இது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, சர்க்கரை நரம்பு வலிக்கே 2021இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்திருக்கிறது. முதலில் மெல்லிய வயரை மட்டும் ஊசி வழியாக உள்ளே வைத்து, பேட்டரியை வெளியே மாட்டி, சுமார் ஒரு வாரம் பார்ப்பார்களாம். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பயம் அதற்கு அப்புறம்தான்: சர்க்கரை உள்ள உடம்பில் புண் ஆறுமா, கிருமி தொற்றுமா, வயர் நகர்ந்துவிடுமா?

நேரடியாக இதை வைத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். சோதனை வாரத்தில் கிடைத்த நிம்மதி ஒரு வருஷம் கழித்தும் இருந்ததா? பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடிந்ததா? சரிப்படாமல் கழற்றிவிட்டவர்களும் தயங்காமல் எழுதுங்கள். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் அதுவும் எனக்குத் தெரிய வேண்டும்.