கலைச்சொல்: சபைகளின் 'ஐக்கியம்' சரியா? (மறுமொழி)

ஐயா, வணக்கம். சபைகளுக்கு இடையிலான உறவைக் குறிக்கும் 'கம்யூனியன்' (communion) என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் நீங்கள் கேட்டது:

> கம்யூனியன் என்றால் ஐக்கியம்தான். தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

பாதி ஒப்புக்கொள்கிறேன். விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று ஞாயிறுதோறும் சொல்கிறோம், முதலாம் கொரிந்தியர் 10:16-லும் அதே சொல்தான், அங்கெல்லாம் நான் கை வைக்கவில்லை. சிக்கல் வந்தது, பல நாட்டு லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழி) சபைகள் சேர்ந்த உலக லுத்தரன் சம்மேளனத்தின் அமைப்புச் சட்டத்தைக் கிருஷ்ணகிரியில் எங்கள் வாலிபர் கூட்டத்துக்காகத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது. 'சபைகளின் ஐக்கியம்' என்று எழுதிக் காட்டினேன். உடனே ஒரு தம்பி, "அப்போ நாமளும் சிஎஸ்ஐ மாதிரி ஒரே சபையா ஆயிட்டோமாண்ணா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. இரண்டுமே 1947-ல் பிறந்தவை. செப்டம்பரில் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையும் பழைய பெயர்களை விட்டுவிட்டுத் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஆயின. அதுதான் ஐக்கியம். ஜூலையில் சுவீடனின் லுண்ட் நகரத்தில் கூடிய லுத்தரன் சபைகளோ எதையும் விடவில்லை. அவரவர் பேராயர், அவரவர் சினாடு (ஆட்சி மன்றம்), அவரவர் சொத்து. தங்களைச் சபைகளின் சுதந்திரமான கூட்டமைப்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். 1984-ல் புடாபெஸ்டில் கூடியபோது பிரசங்க பீடமும், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தும் எல்லாச் சபைகளுக்கும் பொது என்று சட்டத்தில் சேர்த்தார்கள், 1990-ல் பிரேசிலின் குரிச்சிபாவில்தான் 'கம்யூனியன்' என்ற சொல்லே ஏறியது. ஆக 'கூட்டமைப்பு' போதாது என்று 43 வருஷம் கழித்து அவர்களே மாற்றியிருக்கிறார்கள். நாம் திரும்பவும் அதையே போட்டால் மாற்றியதே தெரியாமல் போய்விடும். 'ஐக்கியம்' போட்டால் கலந்து ஒன்றானதாக அர்த்தம் வருகிறது. உறுப்புச் சபைகள் இன்றும் தன்னாட்சி உள்ளவை, சம்மேளனம் அவற்றின் கருவி என்றுதான் சட்டம் சொல்கிறது.

நான் வைக்கும் சொல்: பந்தியுறவு.

நம் ஊரில் இரண்டு குடும்பத்துக்கு உறவு உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் கல்யாண மண்டபத்தில் யார் யாரோடு பந்தியில் உட்காருகிறார்கள் என்று பார்த்தால் போதும். வீடு வேறு, அடுப்பு வேறு, வரவு செலவு வேறு, ஆனால் இலை ஒரே வரிசையில். இதற்கு மேல் அந்தச் சட்டப் பிரிவுக்கு விளக்கம் வேண்டுமா?

— கிருஷ்ணகிரியிலிருந்து

*

தம்பி,

ஐக்கியத்தைப் பற்றி நீ சொன்னது சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் பந்தி என்ற சொல்லுக்கு நம் தருமபுரிப் பக்கம் என்ன வாடை என்று உனக்குத் தெரியாதா? தனிப் பந்தி, கடைசிப் பந்தி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதைக் கொண்டுபோய்த் திருச்சபையின் நெற்றியில் ஒட்டுவதா? கத்தோலிக்கர்கள் 'ஒன்றிப்பு' என்று எழுதுகிறார்கள், 'உறவொன்றிப்பு' என்று வைத்தால் யாருக்கும் உறுத்தாது. அப்புறம், நீ சொல்லும் சொல் கடிதத்தாளில் அச்சானால் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர்கள் என்று நினைப்பார்கள்.

— தருமபுரியிலிருந்து

*

ஐயா, சமையல் காண்டிராக்டுக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் உறுத்தாமல் இருப்பதுதான் உறவொன்றிப்பின் குறை.

நீங்கள் சொல்லும் அந்த வாடைக்காகத்தான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சபைக்குள் சாதி பார்ப்பதற்கு இறங்கிவர மாட்டேன் என்று மிஷனரி ஓக்ஸ் ஐயர் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷனை விட்டு விலகினார், பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது அவர் தொடங்கிய வேலைதான். புடாபெஸ்டில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். நிறவெறியைத் தள்ளிவைக்காத இரண்டு வெள்ளையர் சபைகளை, ஒன்று தென்னாப்பிரிக்கா, இன்னொன்று இன்றைய நமீபியா, உறுப்பினர் பொறுப்பிலிருந்து நிறுத்திவைத்தார்கள். சந்தா கட்டவில்லை என்றல்ல, கறுப்பர்களோடு ஒரே திருவிருந்தில் சேர முடியாத நிலையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக. அடுத்த சபையின் உள்விவகாரத்தில் தலையிட அதிகாரமில்லாத ஓர் அமைப்பு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக நின்றது ஏன் என்பதை 'உறவொன்றிப்பு' சொல்லாது. பந்தி சொல்லும்.

நம் ஊர்க் கதையும் அதுதானே. 1895-ல் கிருஷ்ணகிரிக்கு வந்த மிஷனரி நேத்தர் ஐயர் வேதாகமத்தின் பிழையின்மை பற்றிய தகராறில் லைப்சிக்கை விட்டு, மிசோரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபையோடு சேர்ந்தவர். எல்லாரும் லுத்தரன்தான், ஆனால் பந்தி வேறு. மிசோரி சினாடு இன்றுவரை சம்மேளனத்தில் இல்லை, அவர்கள் மிஷனில் பிறந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோ அதில் இருக்கிறது. இதை 'ஐக்கியம்' வைத்து அந்தத் தம்பிக்கு விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பந்தி என்றதும் பிடித்துக்கொண்டான்.

கடிதத்தாளுக்கு நீங்கள் சொல்வது நியாயம். பெயரில் சம்மேளனம் அப்படியே இருக்கட்டும், சட்டத்தின் வாசகத்தில் மட்டும் 'திருப்பந்தியுறவு' என்று போடலாமா? 'திரு' சேர்ந்தால் சாம்பார் வாளி கொஞ்சம் தள்ளிப் போகிறது.

இன்னொன்று. சம்மேளனத்தின் அசெம்பிளிக்குப் பேரவை என்று வைத்துவிட்டேன், 2023-ல் போலந்தின் கிராகோவில் கூடியது 13-ஆவது பேரவை. இரண்டு பேரவைகளுக்கு நடுவே நிர்வாகத்தைப் பார்க்கிற கவுன்சிலுக்கு 'ஆலோசனைச் சங்கம்' என்று போட்டால் ஆலோசனை மட்டும் சொல்கிறவர்கள் என்று ஆகிவிடுமே. அவர்கள் வரவு செலவுத் திட்டம் போடுகிறார்கள், பொதுச் செயலாளரையே தேர்ந்தெடுக்கிறார்கள். 'ஆளுகைக் குழு' எப்படி?

— கிருஷ்ணகிரியிலிருந்து