மீன்கறித் தூள் பாக்கெட்டுக்கு ஜன்னல் எதற்கு?

மில்லுக்காரன் (செந்தூல்):
புதிதாக மீன்கறித் தூள் போடப்போகும் ஒருவர் பாக்கெட் வடிவமைப்புக்கு நேற்று இங்கே யோசனை கேட்டார். அதற்கு ஒரு தம்பி, "ஜன்னல் வைக்காதவர் உள்ளே எதையோ மறைக்கிறார்" என்று பதில் போட்டிருக்கிறார். ஜன்னல் என்றால், உள்ளே இருக்கும் தூள் தெரிய பாக்கெட்டில் விடுகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் இடம். முப்பது வருடமாக மிளகாய் அரைக்கிறேன். நான் எதை மறைத்தேன் என்று அவரே சொல்லட்டும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கும். மிளகாய்ச் சிவப்பும் நிற்காது. ஜன்னல் பாக்கெட்டைக் கடை விளக்குக்குக் கீழே சில மாதம் வைத்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் செங்கல்பொடி மாதிரி ஆகிவிடும். உள்பக்கம் அலுமினியத் தாள் வைத்து மூடுவது மறைக்க இல்லை, மணம் போகாமல் இருக்க.

கோடும்வண்ணமும் (பினாங்கு):
அண்ணே, அந்தத் தம்பி நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கடைத் தட்டில் ஏழு கறித்தூள் நிற்கிறது. ஏழும் சிவப்பு, ஏழிலும் அதே மீன்தலை, அதே கறிவேப்பிலை. புதுப் பாக்கெட்டை எவர் கையில் எடுப்பார்? உள்ளே இருப்பதைக் காட்டினால்தான் நம்பிக்கை வரும்.

மில்லுக்காரன்:
உள்ளே இருப்பது தூள். தூளைப் பார்த்து என்ன தெரியும்? முறுக்கு என்றால் சுற்று தெரியும், உடையாமல் இருக்கிறதா என்று தெரியும். அது வேறு. தூள் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, துடைக்காத கண்ணாடி மாதிரி நிற்கும். இதுவா நம்பிக்கை?

பழைய_வாத்தியார்:
பிராண்ட் வேறு, பாக்கெட் வேறு. முதலில் பிராண்டிங் என்றால் என்ன என்று இருவரும் ஒரு வரி சொல்லிவிட்டுச் சண்டை போட்டால் எங்களுக்கும் புரியும்.

மில்லுக்காரன்:
அது இருக்கட்டும் சார். ஜன்னல் வேண்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள்.

கோடும்வண்ணமும்:
பெரிய கம்பெனிகளே பாக்கெட்டில் கோட்டை விட்டிருக்கின்றன. 2009இல் அமெரிக்காவில் டிராப்பிக்கானா ஆரஞ்சுச் சாற்றின் பெட்டியை மாற்றினார்கள். விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. இரண்டே மாதத்தில் பழைய பெட்டிக்குத் திரும்பினார்கள். வாங்குகிறவர் கண்ணை மதிக்காவிட்டால் இதுதான் கதி.

மில்லுக்காரன்:
நன்றி தம்பி, எனக்குச் சாட்சி சொன்னதற்கு. பழைய பெட்டியில் என்ன இருந்தது? உறிஞ்சுகுழல் குத்திய முழு ஆரஞ்சுப் பழம். புதிதில்? கண்ணாடி டம்ளரில் சாறு. அதாவது உள்ளே இருப்பதைக் காட்டினார்கள், விழுந்தார்கள். ஜன்னல் கட்சிக்கு இதைவிட மோசமான உதாரணம் கிடைக்காது.

கோடும்வண்ணமும்:
அது ஜன்னல் இல்லை, படம்.

மில்லுக்காரன்:
படத்துக்கே அந்தக் கதி. ஜன்னலுக்கு?

கணக்கர்88:
எனக்கு ஜன்னல் முக்கியமில்லை. பார்கோடு 955இல் ஆரம்பிக்கிறதா என்று பார்ப்பேன். அப்படி இருந்தால் உள்நாட்டுச் சரக்கு.

பாசார்மாலாம்_அக்கா:
தம்பி, 955 என்றால் அந்த எண்ணை மலேசியாவில் பதிந்து வாங்கினார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். சரக்கு எங்கே செய்தது என்று அது சொல்லாது. இதை எத்தனை முறை எழுதுவது?

கணக்கர்88:
நீங்கள் முறுக்கு விற்கிறவர். பார்கோடே ஒட்டுவதில்லை. அப்புறம் பாடம் வேறு.

பாசார்மாலாம்_அக்கா:
ஒட்டாவிட்டாலும் ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். உங்கள் கணக்கு எப்படி?

மில்லுக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். தம்பிக்கு ஜன்னல்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்னால், தீபாவளிக்கு, எனக்கு ஒரு பாக்கெட் வரைந்து கொடுத்தார். பளபள சிவப்பு, தங்க ஓரம், அழகுதான். மூட்டையைப் பிரித்தால் முன்பக்கம் கொட்டை எழுத்தில் "மீன் கரித் தூள்". ஐயாயிரம் பாக்கெட். மீனைச் சுட்டுக் கரியாக்கித் தூள் செய்து விற்கிறேன் என்று ஊரே சிரித்தது. அன்றைக்கு ஜன்னல் இருந்திருந்தால் அந்த எழுத்தாவது அங்கே வந்திருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கோடும்வண்ணமும்:
அந்தக் கதையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டீர்களா? நான் "கறி" என்றுதான் அனுப்பினேன். அச்சகத்தில் எழுத்துருவை மாற்றித் திரும்பத் தட்டினார்கள். மாதிரித் தாள் முதலில் உங்களுக்குத்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. இரவு 11 மணிக்குக் கட்டைவிரல் படம் போட்டவர் யார்? ஒரு நிறத்துக்கு ஓர் உருளை செதுக்கி அடிக்கிற வேலை அது. கட்டைவிரல் காட்டிய பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் காசு. இன்றைக்கு வரை என் பாக்கி 400 வெள்ளி நிற்கிறது.

மில்லுக்காரன்:
கண்ணாடி போடாமல் பார்த்தேன். வரைந்தவர் நீங்கள், படித்துப் பார்க்க வேண்டியவரும் நீங்கள்.

பழைய_வாத்தியார்:
வல்லின றகரம். நான்காம் வகுப்புப் பாடம்.

புதுக்கடை (கேள்வி கேட்டவர்):
மன்னிக்கவும், கேட்டவன் நான்தான். ஜன்னலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பெயரைத் தமிழில் பெரிதாகப் போடலாமா என்றுதான் கேட்டேன்.

பாசார்மாலாம்_அக்கா:
போடலாம் தம்பி. இங்கே செய்கிற உணவுக்கு லேபிள் விவரம் மலாயில் இருக்க வேண்டும், 1985 உணவு விதிமுறையில் இருக்கிறது. அதோடு தமிழும் சேர்க்கலாம். ஹலால் முத்திரையை மட்டும் ஜாக்கிமிடமோ (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) மாநில இஸ்லாமிய சமய இலாகாவிடமோ சான்றிதழ் வாங்காமல் நீங்களாக அச்சடித்துவிடாதீர்கள்.

மில்லுக்காரன்:
தமிழில் போடுங்கள், ஆனால் இந்தத் தம்பியிடம் எழுதக் கொடுக்காதீர்கள். ஜன்னலும் வேண்டாம். நாளைக்கே ஒரு ஜன்னல் பாக்கெட் வாங்கி மில் வாசலில் தொங்கவிடப்போகிறேன். வாரத்துக்கு ஒரு படம் இங்கே வரும்.

கோடும்வண்ணமும்:
போடுங்கள். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு எடுங்கள். 400 வெள்ளி, அண்ணே.

மில்லுக்காரன்:
முதலில் ஜன்னலுக்குப் பதில் சொல்லுங்கள்.