பார் பாயிண்ட் எல்லாம் கரையேறி நிக்குது, வழி சொல்லுங்க

உவரிக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். நமக்கு ஃபைபர் போட், தூண்டில் தொழில். பழைய கை ஜிபிஎஸ் போயிட்டுன்னு கடலாழம் காட்டுற எக்கோவும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்த ஏழு இஞ்ச் மெஷின் ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு. எங்க சித்தப்பா நோட்டுல உள்ளது, இன்னும் ரெண்டு பேரு நோட்டுல உள்ளது எல்லாத்தையும் சேத்து, மச்சான் ஒருத்தன் எக்செல்ல அடிச்சு, ஏதோ சைட்டுல குடுத்து ஜிபிஎக்ஸ் ஃபைலா மாத்தி டிரைவுல போட்டு வச்சிருக்கான். மொத்தம் 43 பார் பாயிண்ட், அதான் கடலடியில மீன் கூடுற பாறை மேடு உள்ள எடம். அத போன்ல டவுன்லோட் பண்ணி, திசையன்விளையில புதுசா ஒரு 64 ஜிபி கார்டு வாங்கி, அதுல ஏத்தி மெஷின்ல சொருகுனா ஃபைலே இல்லைங்குது. போன்ல பாத்தா ஃபைல் இருக்கு. நாலு தடவ கழத்தி மாட்டிட்டேன். ஒவ்வொண்ணா கையில அடிக்கணும்னா 43 பாயிண்ட்டுக்கு ஒரு நாள் தொழில் போயிரும்.

வண்ணார்பேட்டை கம்ப்யூட்டர்:
அண்ணாச்சி, 64 ஜிபி கார்டு கடையில இருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்னு ஒரு முறையில ஃபார்மேட் ஆகித்தான் வரும். படகு மெஷின் நெறைய அத படிக்காது. 32 ஜிபி இல்ல அதுக்குக் கொறஞ்ச கார்டு வாங்கி ஃபேட்32ன்னு ஃபார்மேட் பண்ணுங்க. இன்னொண்ணு, ஃபைல் பேரோட கடைசியப் பாருங்க. போன்ல எறக்கும்போது சில நேரம் ஜிபிஎக்ஸ்க்குப் பின்னால ஒரு எக்ஸ்எம்எல்லோ டிஎக்ஸ்டியோ வந்து ஒட்டிக்கிடும். அத அழிச்சிட்டுப் பேர மாத்துங்க.

எந்த ஃபோல்டர்ல போடணும்னு மண்டைய ஒடைக்க வேண்டாம். வெறுங்கார்டை மெஷின்ல மாட்டி, மெஷின்ல இருக்கிற ஒண்ணு ரெண்டு பாயிண்ட்ட கார்டுல சேவ் பண்ணுங்க. ஃபைல் வகை கேட்டா ஜிபிஎக்ஸ் குடுங்க. கார்மின் கம்பெனி மெஷின்னா ஏடிஎம்னும் (ADM), லோரன்ஸுன்னா யுஎஸ்ஆர்னும் (USR) அவனவன் சொந்த வகையும் இருக்கும், ஆனா வெளிய இருந்து வாரதுக்கு ஜிபிஎக்ஸ்தான் பொது. மெஷின் எங்க கொண்டு போய் சேவ் பண்ணிச்சோ அங்கயே உங்க ஃபைலையும் போட்டா தீந்தது.

கூட்டப்புளி தூண்டில்:
தம்பி, ஏத்தும்போது மெர்ஜ், ரீப்ளேஸ்னு ரெண்டு கேக்கும். மெர்ஜ் அமுக்கு. நான் தூக்கக் கலக்கத்துல ரீப்ளேஸ் அமுக்கி பன்னெண்டு வருசப் பாயிண்ட்ட ஒரு நிமிசத்துல தொலச்சவன். அன்னைக்கு எங்க வீட்டுல துக்க வீடு மாதிரி இருந்துச்சு. மொதல்ல மெஷின்ல உள்ளத கார்டுல எடுத்து வீட்டுல வை, பெறகு மத்த சோலி.

உவரிக்காரன்:
அண்ணாச்சி, ஏறிட்டு! 16 ஜிபி கார்டு. நீங்க சொன்ன மாதிரியே பேருக்குப் பின்னால எக்ஸ்எம்எல் ஒட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. தமிழ்ல போட்ட பேரு மட்டும் கட்டங்கட்டமா தெரியுது, அதுக்கு நம்பர் குடுத்துக்கிடலாம்.

ஆனா இப்ப வேற கூத்து. பாயிண்ட் பாதி கன்னியாகுமரிக்கு மேக்க மணக்குடி பக்கம் தரையில நிக்குது. தென்னந்தோப்புக்குள்ள கலவா பிடிக்கவா? மெஷின்ல ஏதும் கோளாறா? ஒண்ணு மட்டும் இங்க போடுதேன்: லாட் (அட்சரேகை) 8.10500, லான் (தீர்க்கரேகை) 77.50250. (நெசப் பாயிண்ட்ட எவனும் வெளிய போடுவானா, நம்பர மாத்தித்தான் போட்டிருக்கேன்.)

நீவாடு:
மெஷின் மேல குத்தம் இல்ல தம்பி. ஒரு காரியம் பண்ணு. 43 பாயிண்ட்லயும் புள்ளிக்கு அடுத்து வார ரெண்டு எண்ணப் பாரு. எதுலயாவது 60க்கு மேல இருக்கா?

உவரிக்காரன்:
பாத்துட்டேன் அண்ணே. ஒண்ணுலயும் இல்ல. பெரிசு 58தான். எப்படிச் சொன்னிய?

நீவாடு:
நெசமான தசமப் பாகைன்னா, அதான் பாகையோட பங்க புள்ளி வச்சு எழுதுறதுன்னா, 61, 75, 93ன்னு எல்லாம் வரணும். 43 பாயிண்ட், லாட் லான் ரெண்டுஞ் சேத்து 86 எண்ணு, ஒண்ணு கூட அறுபதத் தொடலன்னா அது பாகையோட பங்கு இல்ல, நிமிசம். நோட்டுல 8 பாகை 10.500 நிமிசம்னு இருந்துருக்கும். நம்மாளு மெஷின்லயெல்லாம் அப்படித்தான வச்சிருப்போம். உம் மச்சான் நடுவுல உள்ள பாகைக் குறிய விட்டுட்டு 8.10500ன்னு அடிச்சிருக்கான். ஜிபிஎக்ஸ் ஃபைல் எப்பவும் தசமப் பாகையிலதான் படிக்கும். ஒரு பாகைக்கு 60 நிமிசம். அவன் நூறுன்னு ஆக்கிட்டான்.

முழு எண்ண அப்படியே வை. மிச்சத்த நூறால பெருக்கி அறுபதால வகு. 0.10500 நூறால பெருக்குனா 10.5, அறுபதால வகுத்தா 0.175. ஆக 8.175. அதே மாதிரி 77.50250 வந்து 77.8375 ஆகும். லாட்டுல ஒரு நிமிசம் ஒரு கடல் மைல், நம்ம பக்கத்துல லான்லயும் கிட்டத்தட்ட அதேதான். அப்ப தெக்கு வடக்குல நாலு மைலும் கெழக்கு மேக்குல இருபது மைலும் தள்ளிப் போயிருக்கு. உம் பாயிண்ட் மணக்குடிக்குப் போனது இப்படித்தான். திருத்திப் பாத்தா உவரிக்குத் தென்மேக்க ஏழு மைல் பக்கம் கடல்ல வந்து விழும். எக்செல்ல ஒரு வரி ஃபார்முலா போட்டு இழுத்தா 43ம் திரும்பிரும்.

ஏத்துன பெறகு நேரா வெலங்க, ஆழக்கடலுக்கு ஓடாத. நீ கண்ணால கண்ட எடம் ஒண்ண, உங்க போட் ஏத்துற கரையவே பாயிண்ட்டா அந்த எக்செல்ல சேத்து, அதுவும் சேந்தே மாறி வரட்டும். மெஷின்ல அது கரையிலயே விழுந்தா மத்ததையும் நம்பலாம்.

உவரிக்காரன்:
அண்ணே கோடி நன்றி. நேத்து போயிட்டு வந்தோம். கரைப் பாயிண்ட் சரியா போட் நிக்கிற எடத்துல விழுந்துச்சு. போன பாயிண்ட்ல ஆறு கரெக்ட், எக்கோவுல பார் மேடா தெரியுது. ஆனா சித்தப்பா நோட்டுல உள்ள மூணு மட்டும் தப்பு. சுத்திச் சுத்தி வந்தும் கடலடி சமமாவே கெடக்கு. மெஷின்ல டேட்டம்னு வரைபட அளவு முறை ஒண்ணு இருக்கே, அத ஏதும் மாத்தணுமா?

வண்ணார்பேட்டை கம்ப்யூட்டர்:
டேட்டம் டபிள்யூஜிஎஸ்84ல இருக்கான்னு பாருங்க. இந்தியன்னு ஏதாவது வேற இருந்தா நூறு மீட்டருக்கு மேல தள்ளும். ஆனா அதுன்னா எல்லாப் பாயிண்ட்டும்ல சேந்து தள்ளணும்? மூணு மட்டும் எதுக்குத் தள்ளுது?

பழைய சுக்கான்:
இடிந்தகரையில இருந்து பேசுதேன். மக்கா, அந்த மூணையும் நோட்டுல எப்படி எழுதியிருக்குன்னு பாரு. புள்ளிக்கு அப்புறம் மூணு எண்ணா, ரெண்டு எண்ணா?

உவரிக்காரன்:
நோட்டப் பாத்தேன் மாமா. ரெண்டு எண்ணுதான். 10.45, 52.18 அப்படி. மத்த ரெண்டு நோட்டுலயும் மூணு மூணு எண்ணு.

பழைய சுக்கான்:
அப்ப அது செகண்டு. 10 நிமிசம் 45 செகண்டு. நாங்க தொடங்குன காலத்துல அப்படி எழுதுனவனும் உண்டு. இப்பவும் இன்காய்ஸ்காரன், அதான் அரசாங்கத்துக் கடல் தகவல் மையம், மீன் கூடுற எடம்னு அறிவிக்கிறானே, அதுல பாகை, நிமிசம், செகண்டுதான் வரும். 45 செகண்டுன்னா முக்கா நிமிசம், 10.75. நீ 10.45ன்னு போட்டிருக்க. 0.3 மைல் வித்தியாசம், மீட்டருக்கு 550 வருது. அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்னு தூண்டில் போட்டா பார் எப்படிக் கெடைக்கும்? மூணு எண்ணு உள்ளத தொடாத. ரெண்டு எண்ணு உள்ளதுல மட்டும் கடைசிய அறுபதால வகுத்து நிமிசத்தோட சேரு.

எங்களுக்கு இந்தக் கணக்கே இல்ல. கணியந்தான், கரை அடையாளம் வச்சு எடம் பிடிக்கிறது. கரையில கோயில் கோபுரம் ஒண்ணு, அதுக்குப் பின்னால பனை ஒண்ணு, ரெண்டும் ஒரே கோட்டுல வரணும். அந்தப் பக்கம் மகேந்திரகிரி மலையோட ஒரு மூக்கு இன்னொண்ணோட பொருந்தணும். ரெண்டு கோடும் சேருற எடத்துல நங்கூரக் கல்லப் போட்டா அடியில பார். ஆழத்த கயித்துல பாகம் (ஒரு பாகம் ஆறடி பக்கம்) எண்ணிப் பாத்துக்கிடுவோம். பெறகு பனைய வெட்டிட்டானுவ, ஊடால கரண்டு காத்தாடி நட்டானுவ, பாதிக் கணியம் போச்சு.

கூட்டப்புளி தூண்டில்:
மாமா, அந்த மூணுல ஒண்ணோட கணியம் இங்கயே சொல்லிட்டா பையன் சரிபாத்துக்கிடுவாம்லா?

பழைய சுக்கான்:
சொல்லுவேன்டா, நல்லா சொல்லுவேன்.

உவரிக்காரன்:
மூணையும் திருத்தி ஏத்தி இன்னைக்கு விடியக்காலம் ஒண்ணு மேல போனோம் மாமா. பாயிண்ட்டுக்கு அம்பது மீட்டர் இருக்கும்போதே எக்கோவுல அடி நாலு பாகம் ஏறிட்டு. நீவாடு (நீரோட்டம்) கொஞ்சம் இழுத்துச்சு, ரெண்டு தடவ கல்லு மாத்திப் போட வேண்டியதாயிட்டு. ஒரு கலவா, நாலு விளமீன். டீசல் காசு போக மிச்சம் இருக்கு.

ஃபார்முலா போட்ட எக்செல்ல கேட்டு ரெண்டு பேரு தனியா மெசேஜ் பண்ணியிருக்கிய. பாயிண்ட்ட எடுத்துட்டு வெறும் ஃபார்முலாவ மட்டும் அனுப்புதேன். டிரைவுல கெடந்த ஃபைலையும் மச்சான அழிக்கச் சொல்லியாச்சு. தன் நோட்டு அங்க கெடந்தது சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது, தெரியுறதுக்குள்ள அழிச்சிரணும்.