கார் பார்ட்ஸை எடைக்குப் போடுறப்ப பிரிச்சுப் போடணுமா, அப்படியே போடணுமா?

கொட்டகைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். பழைய பெட்ரோல் கார் ஒண்ணு, இஞ்சின் சீஸ் ஆகி, அதாவது உள்ள இறுகிப் போய் சுத்தாம, ரொம்ப நாளா நிக்குது. இனி ஓட்ட வழியில்லன்னு ஆனதும் பதிவை முறையா ரத்து பண்ணிட்டு பார்ட் பார்ட்டா கழட்டிட்டேன். இப்ப கொட்டகைல இஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், நாலு அலாய் வீல், பேட்டரி, வயரிங், சைலன்சர் பைப்பு, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர்னு குவிஞ்சு கெடக்கு. ஒருத்தர் மொத்தமா ஏத்தி எடைக்குப் போட்டுட்டு வேலையப் பாருங்கிறார், இன்னொருத்தர் ஒவ்வொரு போல்ட்டா பிரிச்சாத்தான் காசுங்கிறார். யார் பேச்சைக் கேக்கிறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

நட்டுபோல்ட்டு
பிரிங்க தம்பி, யோசிக்கவே வேண்டாம். மொத்தமா கொண்டு போனீங்கன்னா எல்லாத்துக்கும் இரும்பு ரேட்டுதான் போடுவாங்க, அதுக்குள்ள இருக்கிற அலுமினியம், காப்பர், பித்தளை எல்லாம் அவங்களுக்கு ஓசி. கைல ஒரு காந்தம் வச்சுக்கோங்க. ஒட்டினா இரும்புக் குவியல், ஒட்டலைன்னா நின்னு பாருங்க, செவப்பா இருந்தா காப்பர், மஞ்சளா இருந்தா பித்தளை, வெள்ளையா வெயிட் கம்மியா இருந்தா அலுமினியம். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ரெண்டையும் ஒடச்சு உள்ள இருக்கிற காப்பர் சுருளை எடுத்துருங்க. வயரிங்கை முழுசா உரிச்சுருங்க.

நேரமேகாசு
அண்ணன் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு ஆனா அவர் கூலியைக் கணக்குல சேர்க்கவே இல்ல. கார் வயரிங் எல்லாம் முடி மாதிரி மெல்லிசு வயரு, அதை ஒவ்வொண்ணா பிளேடு வச்சு உரிச்சு நாள் பூரா உக்காந்தாலும் கடைசில ஒரு கைப்பிடி காப்பர்தான் மிஞ்சும், விரலும் வெட்டுப்படும். பேட்டரிக்குப் போற தடி கேபிளை மட்டும் உரிங்க, அது நல்ல கனமான காப்பர், ஒரே கீறல்ல தோல் கழண்டுரும். மத்ததை பிளக்கு, ரிலே பாக்ஸை மட்டும் வெட்டிட்டு சுருட்டி வயர் ரேட்டுக்கே போடுங்க. ஸ்டார்ட்டரும் அப்படித்தான், முழுசா மோட்டார்னு தனி ரேட்டு உண்டு.

நட்டுபோல்ட்டு
உரிக்க நேரமில்லன்னா கொளுத்திருங்க, தோல் பூரா எரிஞ்சுரும், செம்பு மட்டும் நிக்கும். ஊர்ல பாதி பேரு அதைத்தான் பண்றாங்க.

வார்ப்படக்காரன்
அதை மட்டும் யாரும் செய்யாதீங்க, கைகூப்பிக் கேக்குறேன். வயர் மேல இருக்கிற பிவிசி பிளாஸ்டிக்ல குளோரின் இருக்கு, திறந்த வெளில எரிச்சா டையாக்சின் வரும், அது புத்துநோய் கொண்டு வர்ற விஷம், மண்ணுலயும் சாம்பல்லயும் வருசக்கணக்கா கெடக்கும். பக்கத்துல விளையாடுற பிள்ளைங்கதான் முதல்ல சுவாசிக்கும். காசு கணக்குலயும் நஷ்டம்தான், எரிச்ச காப்பர் கருகி மேல ஆக்சைடு ஏறியிருக்கும், பளபளன்னு உரிச்ச காப்பர் தரத்துல அதை யாரும் எடுக்க மாட்டாங்க, ஒரு படி கீழ இறக்கித்தான் வாங்குவாங்க.

நான் அலுமினிய வார்ப்படத்துல வேலை பாக்கிறவன், அதனால வாங்குற பக்கத்துலேர்ந்து சொல்றேன். இஞ்சின் ஹெட்டுலயோ (இஞ்சினோட மேல் பாகம்) கியர்பாக்ஸ் கேசிங்லயோ ஒரு இரும்பு போல்ட்டோ ஸ்டட்டோ (தலையில்லாத போல்ட்டு) மாட்டிக்கிட்டு வந்துச்சுன்னு வைங்க, அலுமினியம் 660 டிகிரில உருகிரும், இரும்பு உருக 1538 வேணும், அப்ப போல்ட்டு முழுசா அப்படியே நிக்கும், கரண்டியால வாரிறலாம்னு தோணும். ஆனா உருகின அலுமினியத்துக்குள்ள கெடக்கக் கெடக்க இரும்பு கரைஞ்சு சேரும். கரைஞ்ச இரும்பைத் திரும்ப எடுக்க சல்லிசான வழியே இல்ல. அது ஊசி ஊசியா படிகம் கட்டி வார்ப்பை உடையிற பதத்துக்குக் கொண்டு போயிரும். அதனாலதான் இரும்பு ஒட்டின அலுமினியத்தை தனி ரகமா வச்சு ரேட்டைக் குறைக்கிறாங்க, ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க. பிரிக்கிறதுக்குன்னு உங்களுக்கு இருக்கிற நேரத்தை முதல்ல அங்க போடுங்க. ஹெட்டுலேர்ந்து வால்வு, ஸ்பிரிங்கு, ஸ்டட்டு எல்லாம் கழட்டினா போதும், ரகமே மாறிரும்.

இரும்புக்கும் இதே கதைதான். ஸ்டீல்ல காப்பர் கலந்துட்டா உருக்கி ஊதினாலும் போகாது, சூட்டோட உருட்டுறப்ப மேல்புறம் விரிசல் விடும். அதனால மோட்டார், வயர் எல்லாம் இரும்புக் குவியலுக்குள்ள பதுங்கி வந்துச்சுன்னா உருக்காலைல தலைவலி, அதை நினைச்சே காயலாங்கடைக்காரர் உங்க மொத்தக் குவியலுக்கும் ரேட்டைக் கொறப்பார்.

நேரமேகாசு
சார் சொல்றது ஹெட்டுக்கு சரி. ஆனா அந்த சீஸ் ஆன இஞ்சினைப் பிரிக்க என்ன பாடு பட வேண்டியிருக்கும் தெரியுமா. பிளாக்கு, அதாவது பிஸ்டன் ஓடுற இஞ்சின் உடம்பு, வார்ப்பிரும்புன்னா ஹெட்டை மட்டும் கழட்டி தனியா வைங்க, பிஸ்டன் மாட்டிக்கிட்டு வராட்டி விட்டுருங்க, ஆயிலை மட்டும் சுத்தமா வடிச்சிருங்க. எண்ணெய் ஒழுகுற பிளாக்குக்கு கடைல கழிவு போடுவாங்க. வடிச்ச ஆயிலை சாக்கடைல ஊத்தாதீங்க, கேன்ல பிடிச்சு பழைய ஆயில் எடுக்கிறவங்க கிட்ட குடுங்க.

கிரீஸ்கை
ரெண்டு பேரும் எடையிலயே நிக்கிறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும்ல, இது ஓடுற பார்ட்டா இல்லையா? இஞ்சின்தான் சீஸ், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸ், ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), ஹெட்லைட் எல்லாம் நல்லா இருக்கலாம். ஓடலைன்னாலும் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டரை ரீபில்ட் பண்றவங்க, அதாவது பழுது பாத்து திரும்ப விக்கிறவங்க, முழுசா வாங்குவாங்க, எடைக்குக் கெடைக்கிறதை விட பெரும்பாலும் கூடத்தான் வரும். அதை சுத்தியலால ஒடச்சு காப்பர் எடுக்கச் சொல்றது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. அதுலயும் இப்ப வர்ற ஸ்டார்ட்டர் நிறைய பர்மனென்ட் மேக்னட் வச்சது, பழசு மாதிரி உள்ள தடிசா ஃபீல்டு காயில் (காந்தத்துக்குப் பதிலா இருக்கிற காப்பர் சுருள்) இருக்காது. ஒடச்சுப் பாத்துட்டு ஏமாந்து நிப்பீங்க.

நட்டுபோல்ட்டு
ரீபில்டு பண்றவன் வர்ற வரைக்கும் கொட்டகைல வச்சு துடைச்சுக்கிட்டு இருக்கணுமா? வாங்க ஆள் இருந்தா சரி, இல்லாதப்ப? கொளுத்துற விஷயத்துல சார் சொன்னதை ஏத்துக்கிறேன், நானும் கொளுத்தச் சொல்ல மாட்டேன் இனி. ஆனா ஆல்டர்னேட்டர் விஷயத்துல மாற மாட்டேன். வெளி கவர் அலுமினியம், சுத்தாம நிக்கிற ஸ்டேட்டர்ல காப்பர், உள்ள சுத்துற ரோட்டர் பெரும்பாலும் இரும்பு. நாலு போல்ட்டு கழட்டினா மூணும் மூணு குவியல்.

கொட்டகைக்காரன்
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். சைலன்சர் பைப்புல காந்தம் ஒட்டுது, ஆனா ஸ்டெயின்லெஸ்னு கேள்விப்பட்டேன். அப்புறம் நடுவுல இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்துற டப்பா) அறுத்து உள்ள இருக்கிறதை எடுத்து தனியா விக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், செய்யலாமா?

வார்ப்படக்காரன்
கன்வெர்ட்டரை அறுக்காதீங்க. உள்ள இருக்கிறது தேன்கூடு மாதிரி பீங்கான், அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிசா பூசியிருக்கும், மதிப்பு அதுலதான். அறுத்தா அந்தப் பீங்கான் பொடியா கொட்டும், கொட்டினது அத்தனையும் காசு, அதோட அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வாங்குறவங்க வெளி ஓட்டுல அடிச்சிருக்கிற நம்பரைப் பாத்துதான் விலை சொல்லுவாங்க, ஏன்னா எந்த மாடல்ல எவ்வளவு உலோகம்ங்கிறது அதை வச்சுத்தான் தெரியும். கம்பெனில வந்ததா, பின்னாடி கடைல வாங்கி மாட்டினதாங்கிறதும் முக்கியம், பின்னாடி மாட்டினதுல உலோகம் பொதுவா ரொம்பக் கம்மி. நம்பர் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து நாலு பேர் கிட்ட கேளுங்க. பழைய இரும்போட சேத்து மட்டும் போட்டுறாதீங்க. வண்டியோட பேப்பரையும் கையோட கொண்டு போங்க, திருட்டு கன்வெர்ட்டர் அதிகமா நடமாடுறதால நல்ல ஆளு கேக்காம வாங்க மாட்டார்.

பைப்பு விஷயம், காந்தத்தை மட்டும் நம்பினா இங்கதான் தப்பாகும். கார் சைலன்சருக்கு அதிகமா போடுறது 409 ரகம், அது ஸ்டெயின்லெஸ்தான், ஆனா காந்தம் ஒட்டும். சமையலறைப் பாத்திரத்து 304 பெரும்பாலும் ஒட்டாது. 409ல நிக்கல் கெடையாதுங்கிறதால 304 ரேட்டெல்லாம் வராது, ஆனா தனியா வச்சுக் காட்டிக் கேளுங்க, கேக்கிறதுக்குக் காசா பணமா.

கிரீஸ்கை
அலாய் வீலை யாரும் சொல்லலையே. டயரைக் கழட்டி, வால்வை புடுங்கி, ஓரத்துல அடிச்சிருக்கிற பேலன்ஸ் வெயிட்டை எல்லாம் எடுத்துருங்க. அந்த வெயிட்டு ஈயமா இருக்கும், துத்தநாகமா இருக்கும், இரும்பாவும் இருக்கும், தனி டப்பாவுல போடுங்க. சுத்தமான வீலுக்கு மத்த வார்ப்பு அலுமினியத்தை விட ரேட்டு மேல, ஏன்னா பெரும்பாலும் எல்லாமே ஒரே கலவை, ஏ356னு சொல்லுவாங்க, சுமார் 7 சதவீதம் சிலிக்கான். வாங்குறவனுக்கு என்ன உருகும்னு முன்கூட்டியே தெரியும். குரோம் முலாம் போட்ட வீல் இருந்தா அதை இதோட சேக்காதீங்க.

ரேடியேட்டர்ல ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க் இருந்தா பிளேயர் வச்சு நெளிச்ச ஓரத்தைப் பிரிச்சுருங்க, கழண்டு வந்துரும், உள்ள சுத்த அலுமினியம். ரொம்பப் பழைய வண்டின்னா காப்பர் பித்தளை ரேடியேட்டரா இருக்கும், அது இன்னும் நல்லது.

நேரமேகாசு
பேட்டரியை மட்டும் யாரும் தொறக்காதீங்க. ஆசிட்டைக் கொட்டிட்டு ஈயத்தை எடுக்கலாம்னு சில பேரு ஐடியா குடுப்பாங்க. முழுசா ஆசிட்டோடயே எடுப்பாங்க, நிமுத்தி வச்சுக் கொண்டு போங்க, அவ்வளவுதான். ஏர்பேக் வெடிக்காம இருந்தா அதை நோண்டாதீங்க, ஷாக் அப்சார்பருக்குள்ள கேஸ் அழுத்தத்துல இருக்கும், அறுக்காதீங்க. ஏசி கேஸை வெளில விடாம மெஷின் வச்சிருக்கிறவங்க கிட்ட எடுக்கச் சொல்லுங்க.

வார்ப்படக்காரன்
அதோட ஒண்ணு சேத்துக்கறேன். சில இஞ்சின்ல எக்ஸாஸ்ட் வால்வுக்குள்ள சோடியம் ரொப்பியிருக்கும், வால்வை கிரைண்டர்ல அறுக்காதீங்க, தண்ணி பட்டா பத்திக்கும். ஸ்டியரிங் வீல் உள்சட்டம் மாதிரி சிலது பாக்க அலுமினியம் போலவே இருக்கும், ஆனா தூக்குனா கைக்கு லேசா இருக்கும், அது மெக்னீசியமா இருக்கலாம். அதை கிரைண்டர்ல தேய்க்க வேண்டாம், தனியா வைங்க.

கொட்டகைக்காரன்
சரி, அப்ப ஹெட்டு, கியர்பாக்ஸ், வீல், ரேடியேட்டர் இந்த நாலையும் சுத்தமா பிரிக்கிறேன். வயரிங் சுருட்டி அப்படியே, தடி கேபிள் மட்டும் உரிச்சு. கன்வெர்ட்டரும் பேட்டரியும் தனி ஆளுக்கு. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டரை ரீபில்டு பண்றவங்க கிட்ட காட்டிட்டு முடிவு பண்றேன்.

நட்டுபோல்ட்டு
காட்டுங்க, ஆனா அவன் சொல்ற விலையை ஒடச்சா வர்ற எடையோட ஒப்பிட்டுப் பாக்காம குடுத்துறாதீங்க. ஏத்துறதுக்கு முன்னாடி வீட்லயே ஒவ்வொரு குவியலையும் எடை போட்டு எழுதிக்கோங்க, கடைத் தராசுல வித்தியாசம் வந்தா அங்கயே கேளுங்க.

கிரீஸ்கை
கடைசி வரைக்கும் ஒடைக்கிறதை விட மாட்டேங்கிறீங்களே அண்ணே! ஆல்டர்னேட்டரோட லேபிள் நம்பரைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க தம்பி, எந்த வண்டிக்கெல்லாம் சேரும்னு பாத்துச் சொல்றேன்.