பிரசவத் திட்டத் தாள்: தூக்கப் பகுதிக்கு உதவி தேவை

வணக்கம். மனநல மருந்து எடுக்கும் கர்ப்பிணிகள் 32 வாரத்துக்குள் நிரப்பி ஆஸ்பத்திரிப் பையில் வைக்க ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். மருந்து, அளவு, நேரம், உடனிருப்பவர், முன்பு நோய் வந்தபோது முதலில் தெரிந்த அறிகுறி எல்லாம் எழுதியாச்சு. 'மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்' கொட்டை எழுத்தில். லித்தியம் என்ற மனநல மருந்துக்குத் தனிக் கட்டம்: வலி நேரத்தில் உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும், பிரசவமானதும் சோதிக்கணும்.

சிக்கல் தூக்கத்தில்தான். பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் பிரசவமான முதல் இரண்டு வாரத்திலேயே நோய் திரும்பலாம். தாய் இரவில் 5 மணி நேரமாவது தொடர்ந்து தூங்க, பாலூட்டலையும் குழந்தையைப் பார்ப்பதையும் வீட்டார் பிரித்துக்கொண்ட அட்டவணை இருந்தால் அனுப்புங்கள். தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது ஆபத்து என்பதைப் பாட்டிமாருக்குப் புரியும்படி எப்படிச் சொல்லலாம்? (அதைத்தான் 'கெட்டிக்காரி' என்று மெச்சுவார்கள்!) அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 தாளின் அடியில் போட்டாச்சு.